கச்சேரிக்காரன் காய்ச்சிய சோஸ்

என் மனைவியின் தமையன் நெருப்புக் காய்ச்சலில் இருந்து எழும்பியபோது அவரிடம் எலும்பும் அபிப்பிராயங்களும் மட்டுமே மிஞ்சியிருந்தன. காய்ச்சல் போய்விட்டது, போகும்போது வாயின் ருசியையும் கொண்டுபோய்விட்டது. கஞ்சி மண்ணாக இருக்கிறது என்றார். இடியப்பம் நூல்கண்டு என்றார். சாப்பிடாவிட்டால் மறுபடியும் படுக்கையில் விழுவார் என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து, மனைவி அவருடைய தட்டில் மிஞ்சியதைப் பார்த்துப் பார்த்துத் தானும் மெலிந்துகொண்டிருந்தாள்.

"அண்ணை, என்னதான் வேணும், வாயைத் திறந்து சொல்லுங்கோவன்."

"கொழும்பிலை சம்பளம் எடுக்கிற நாளிலை சைனீஸ் கடைக்குப் போவம். கறுத்த சோஸ் விட்டுப் பிரட்டின சோறு. அதெண்டால் கொஞ்சம் இறங்கும்."

எண்பத்துமூன்று கலவரத்தில் கொழும்பை விட்டு ஒரு பையோடு எங்களிடம் வந்திறங்கியவர், அந்தப் பைக்குள் கொழும்பின் சாப்பாட்டுக் கடைகள் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு வந்திருந்தார். அதுவோ, பொருளாதாரத் தடையால் நாங்கள் சவர்க்காரத்துக்கே வழியில்லாமல் பனங்காய்க் களியால் துணி தோய்த்துக்கொண்டிருந்த காலம். சோயா சோஸ் எங்கே வரும்?

நான் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கக் காரியாலயத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இல்லாத பொருளுக்குப் பதிலாக எதை, எந்த முறையில் பெறலாம் என்பது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அடுப்படிக்குப் போய் விளக்கினேன். அந்தச் சோஸில் இருப்பவை கறுப்பு, உப்பு, மெல்லிய இனிப்பு, பிறகு நாக்கின் அடியில் நிற்கிற, பெயர் சொல்ல முடியாத ஒரு சுவை. முதல் மூன்றுக்கும் பனங்கட்டியும் உப்பும் போதும். நாலாவதற்கு நெத்தலிக் கருவாடு.

"விளங்கப்படுத்தினது காணும். விறகைத் தள்ளுங்கோ," என்றாள் மனைவி.

தாச்சியில் பனங்கட்டி உருகி, நுரைத்து, கறுத்துப் புகைந்தது. கரிக்கும் கறுப்புக்கும் இடையில் ஒரு கணம்தான் உண்டு என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் தண்ணீரை ஊற்றிவிட்டாள். அது சீறிய சீறலில் நான் வாசலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது, வறுத்த நெத்தலியும் சுட்ட வெங்காயமும் உள்ளியும் இஞ்சியும் அதற்குள் கொதித்துக்கொண்டிருந்தன. வடித்து, புளிப்புக்குக் கள்ளு வினாகிரி கொஞ்சம் விட்டு, திரும்ப வற்ற வைத்தாள். நக்கிப் பார்த்தேன். என் முறை சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

கரட்டையும் அரிந்த கோவா இலையையும் வதக்கிச் சோற்றைக் கொட்டி, சோஸை ஊற்றிப் பிரட்டினாள். பிரட்டிய கை, யாரையும் கேட்காமல் தூள் போத்தலுக்குப் போய்வந்தது.

"கறித்தூளோ போட்டனீர்?"

"ஒரு சொட்டு."

"சைனாக்காரன் தூள் போடுறேல்லை."

"அவன் போடாமல் விடட்டும். தூள் போடாமல் இறக்கி என்ரை அண்ணைக்கு என்னெண்டு குடுக்கிறது?"

மைத்துனர் முதல் வாயை நெடுநேரம் மென்றார். மனைவி அகப்பையைப் பிடித்தபடி அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உது சோஸ் இல்லை," என்றார்.

"தெரியும், அண்ணை."

"இனிப்புக் கூடிப்போச்சு." இரண்டாவது வாய். "கருகலும் மணக்குது." மூன்றாவது. "சோறு சிவப்பு. சைனீஸ் கடையிலை சிவப்புச் சோறு ஆர் கண்டது?" நாலாவது வாயில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "தூள் போட்டது ஆர்?"

நான் முகட்டைப் பார்த்தேன். கச்சேரியில் கற்ற முறைகளில் அதுவும் ஒன்று.

"நான்தான் அண்ணை," என்றாள்.

"அதுதானே. கொழும்பிலை இப்பிடிச் செய்தால் கடையைப் பூட்டவேணும்." தட்டை அவள் பக்கம் நீட்டினார். "இன்னும் கொஞ்சம் போடு, பிள்ளை. வேறை என்ன பிழையெண்டு பாப்பம்."

அவள் போட்டாள். அவர் மேலும் பல பிழைகளைக் கண்டுபிடித்தார். ஒவ்வொன்றுக்கும் "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று ஒப்புக்கொண்டபடி, தட்டு வெறுமையாகும்வரை அவள் அகப்பையைக் கீழே வைக்கவில்லை.