நாரந்தனை நாம்பனும் கேதீஸ்வரியின் நாகும்

நாரந்தனையில் கேதீஸ்வரிக்கு வாய்க்காரி என்று பெயர். அப்படிச் சொல்பவர்களில் பாதிப் பேர் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். முன்பு யாழ்ப்பாணத்தில் ஒரு புடைவைக்கடையில் வேலைக்கு நின்றவர். வேலை நேரத்தில் கதிரையில் இருக்கக்கூடாது என்று முதலாளி சொன்ன அன்றே, அந்த முதலாளியின் கதிரையில் கொஞ்ச நேரம் ஆறுதலாக இருந்துவிட்டு பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டார். கலியாணம் கட்டவில்லை. சிவலை என்றொரு பசுக்கன்றை வாங்கி வளர்த்தார், அதன் பாலில் சீவித்தார். எனக்குப் பக்கத்து வளவு.

எங்கள் பக்கத்தில் பசு கன்று போட்டால், பின்னால் வரும் நஞ்சுக்கொடி, இளங்கொடி என்போம், விழும்வரை காவல் இருப்போம். விழுந்ததை நாய் இழுக்காமல் சாக்கில் கட்டி, ஒழுங்கை முடக்கில் நிற்கும் ஆலமரத்தில் தொங்கவிடுவோம். பால் நன்றாகச் சுரக்கும் என்று நம்பிக்கை.

சிவலை மூன்று முறை கன்று போட்டது. மூன்று முறையும் கொடி விழவில்லை. உள்ளே அழுகி, கருப்பையில் சீழ் பிடித்து, மாடு காய்ச்சலில் கிடந்தது. கடைசித் தடவையோடு இனிச் சினைப்படாது என்றாகிவிட்டது. ஊர் என்ன சொன்னது? கேதீஸ்வரியின் கை சரியில்லையாம், கொட்டில் ஊத்தையாம். அந்தக் கொட்டிலில் பாய் விரித்துப் படுக்கலாம். எங்கள் பசுவுக்கும் அதே கொடி விழாத வருத்தம்தான் வந்தது. என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. தனியாக இருக்கிற பெண்ணைச் சொல்வது சுகம்.

மிச்சம் இருந்தது சிவலையின் மூத்த கன்று. இன்னும் கன்று போடாத நாகு. அதுவும் போனால் கேதீஸ்வரி திரும்பப் புடைவைக்கடைக்குத்தான் போக வேண்டும்.

ஒருநாள் ஆலமரத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். தொங்கிய சாக்குகள் எல்லாம் ஊருக்குப் பொலிகாளை வைத்திருக்கும் பரராசசிங்கத்தார் வீட்டுடையவை; வேறு வீட்டுச் சாக்கு ஒன்றும் இல்லை. ஊர்ப் பசுக்கள் எல்லாம் சினைக்கு அவருடைய அந்த நாம்பனுக்குத்தான் விடுவது. கனடாவில் இருக்கும் தம்பி, தகப்பன் நினைவாக வாங்கிக் கொடுத்த நாம்பன். இலவசம். இலவசம் என்றால் நாங்கள் கயிற்றோடு போய் நிற்போமே. சிவலை அதன் மகள். எங்கள் பசுவும் மகள்தான்.

கேதீஸ்வரி மிருக வைத்தியர் பிரியவதனியிடம் போனார்.

"நாம்பனில மட்டும் பழி போட ஏலாது அக்கா," என்றார் வைத்தியர். "தீனி, கொட்டில், கன்று போடேக்க படுற கஷ்டம், எல்லாம் காரணம்தான். ஆனா சில பரம்பரையில இது கூட வரும். உங்கட நாகுக்குத் தகப்பன் ஆர்?"

"அதே நாம்பன்தான்."

வைத்தியர் தலையில் கை வைத்தார். "தாய்க்கும் அவன்தான் தகப்பன், மகளுக்கும் அவன்தானா? இனியாவது நாம்பனுக்கு விடாம சினை ஊசி போடுங்கோ. நாகுக்கு என்ன நடக்குமெண்டு சொல்ல ஏலாது. அதின்ர கன்றையாவது காப்பாற்றலாம். பரராசசிங்கத்தார் வீட்டில எப்பவும் ஊசிதானே."

கேதீஸ்வரி நேரே அங்கே போனார். குரல் கேட்டு நானும் பின்னால் போனேன்.

பரராசசிங்கத்தார் கதிரையை விட்டு எழும்பவில்லை. "சும்மா கிடைச்சதுக்கு நொட்டை சொல்லக்கூடாது பிள்ளை."

"அப்ப அண்ணை, உங்கட பசுவுக்கு ஏன் அந்தச் சும்மா கிடைச்சது வேண்டாம்?"

குசினிக்குள்ளிருந்து அவருடைய மனைவி சத்தியபாமாதான் சொன்னார்: "அந்த நாம்பன்ர முதல் மகள்மார் ரெண்டும் எங்கட கொட்டிலிலதான் கொடி விழாம அழுகிச் செத்தது. தம்பி அறிஞ்சா மனவருத்தப்படுவானெண்டு இவர் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

தம்பியின் மனம் நோகக்கூடாது. எங்கள் மாடுகள் நொந்து சாகலாம். எனக்கு அந்த முற்றத்தில் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

நாகுக்கு ஊசி போட்டார்கள். அது நல்ல கன்று ஒன்றைப் போட்டது. கேதீஸ்வரி சாக்கை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடியப் பார்த்திருந்தார். மறுநாளும் பார்த்திருந்தார். கொடி விழவில்லை. வைத்தியர் வந்து மருந்து போட்டார். நாகு தப்பும், அடுத்த சினை சந்தேகம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேதீஸ்வரி அழவில்லை. அந்த வெறுஞ்சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டு போய், பரராசசிங்கத்தாரின் சாக்குகளுக்கு நடுவில் தொங்கவிட்டார். பிறகு சிவலைக்காக இன்னும் மூன்று வெறுஞ்சாக்கு.

பின்னேரம் நான் எங்கள் பசுவுக்காக ஒரு வெறுஞ்சாக்கு கொண்டுபோனேன். மரத்தடியில், தன் பசுவையும் அதே நாம்பனுக்கு விட்ட ஜெயந்தா தன் சாக்கோடு நின்றார். கீழ் ஒழுங்கையிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். கிழமை முடிவதற்குள், அத்தனை வெறுஞ்சாக்குகளுக்கு நடுவில் பரராசசிங்கத்தாரின் சாக்குகள் எவை என்று தேட வேண்டியிருந்தது.