ஒட்டு டேப்பில் மாட்டிய பூச்சி

எங்கள் ஆராய்ச்சி நிலைய இயக்குநருக்கு நாங்கள் வைத்த பெயர் மைக்கு. மைக் இருக்கிற இடமெல்லாம் இருப்பார். மைக்ராஸ்கோப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். அவருக்குக் கீழே பதினாறு வருஷம் குப்பை கொட்டிய விஞ்ஞானி என் நாத்தனார். அதே கட்டடத்தில் எலிக் கூண்டுகளைப் பராமரிக்கும் வேலை எனக்கு.

எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ரத்த ஸ்டெம் செல்கள்தான் உடம்பின் எதிர்ப்புச் செல்களை உண்டாக்குகின்றன. தோலில் வந்த அழற்சி ஆறின பிறகும் இந்த ஸ்டெம் செல்கள் அதை மறக்காமல் இருக்குமா? இதுதான் அவள் கேள்வி. தோல் புண்ணாகி ஆறிய எலிகளின் மஜ்ஜையை நல்ல எலிகளுக்கு மாற்றினாள். ஒப்பிட்டுப் பார்க்க, வேறு சில எலிகளுக்கு நோயில்லாத மஜ்ஜை. நோய் மஜ்ஜை போன எலிகளில் பத்துக்கு எட்டுக்கு, லேசாக உரசினாலே தோல் சிவந்து தடித்தது. அதைக் கட்டுரையாக எழுதினாள்; பெரிய ஆராய்ச்சி இதழ் ஒன்றில் வந்தது.

மறுவாரமே மைக்கு நிருபர்களைக் கூட்டி, "தோல் நோய்க்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டோம்" என்று முழங்கினார். மருந்து எங்கே என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பேப்பரில் வந்த படத்தில் அவர் பல்லெல்லாம் தெரிந்தது. என் நாத்தனாரின் தோள் பாதி தெரிந்தது.

என் கணவருக்கு முழங்கை இரண்டிலும் செதில் செதிலாகத் தோல் உரியும். படத்தைப் பார்த்துவிட்டுத் தங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"பதினாறு வருஷமா எலி முதுகைத் தடவுற. அண்ணனுக்கு ஒரு களிம்பாவது கொண்டு வந்தியா?"

"இது மருந்து இல்லண்ணா. அவர் உளறுறார்."

ஒரு மாதம் கழித்து என் பிரிவுக்கு வந்தாள். "அண்ணி, மேல்தட்டு எலிங்க மட்டும் ஏன் இப்படிச் சொறியுது?"

"எலின்னா சொறியாதா?" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

அவள் ஒட்டு டேப்பைக் கிழித்து, ஒரு எலியின் முதுகில் அழுத்தி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். எட்டிப் பார்த்தேன். எட்டெட்டுக் காலோடு பூச்சிகள் நெளிந்தன.

நோய் மஜ்ஜை போன எலிகள் மேல்தட்டில், மற்றவை கீழ்த்தட்டில் என்று வசதிக்காக அடுக்கியது நான். மாதாந்திரப் பூச்சிச் சோதனையைச் செய்யாமலே கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

"அப்போ தோல் சிவந்தது மஜ்ஜையால இல்லையா?"

"பூச்சியாலயும் இருக்கலாம். தெரியல அண்ணி. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டோம்." என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மைக்கு குதித்தார். "துக்கடாப் பூச்சிக்காக என் மானத்தை வாங்கப் போறியா? எலிக்குப் பூச்சி இருந்தது யாருக்கும்மா தெரியும்?"

"எனக்குத் தெரியும் சார்."

அன்றே கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்கு எழுதினாள். நானும் என் தப்பை எழுதிக் கொடுத்து எச்சரிக்கைக் கடிதம் வாங்கிக்கொண்டேன். மைக்கு அவள் அறையைப் பூட்டிவிட்டு, ரிப்பேரான ஃப்ரிட்ஜ்களைப் போட்டுவைத்திருந்த மூலையில் மேஜை போட்டார். அவளோடு தினமும் சாப்பிட்ட விஞ்ஞானிகளுக்குத் திடீரென்று வேறு மேஜை பிடித்துப்போனது. செல்லின் ஞாபகத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் அவள் பெயரையே மறந்துபோனார்கள்.

இரண்டு வருஷம் புது எலிகளோடு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். இரண்டு வகை எலிகளையும் எல்லாத் தட்டிலும் கலந்து வைத்தேன். வாரா வாரம் டேப் ஒட்டிப் பார்த்தேன். மஜ்ஜைக்கு ஞாபகம் இருந்தது நிஜம்தான். ஆனால் பத்துக்கு மூன்று எலிகளில். அதுவும் நாலு மாதத்தில் மங்கிவிட்டது. அதை அப்படியே எழுதினாள். சின்ன இதழ் ஒன்றில் வந்தது.

ஆண்டுக் கூட்டத்தில் மைக்கு கொஞ்சமும் கூசாமல், "நான் அன்றைக்கே சொன்னதை இவர் இப்போது உறுதிசெய்திருக்கிறார்" என்றார்.

என் நாத்தனார் இருந்த இடத்திலேயே எழுந்து நின்றாள். "அன்னிக்குச் சொன்னது பத்துக்கு எட்டு. இப்போ பார்த்தது பத்துக்கு மூணு. மருந்து எதுவும் கண்டுபிடிக்கல." உட்கார்ந்துவிட்டாள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மைக்குவுக்கு இரண்டு வருஷம் பதவி நீட்டிப்பு கொடுத்தார்கள். இவளுக்குப் பழைய அறையின் சாவியைக் கொடுத்தார்கள். அதை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"பத்துல மீதி ஏழு எலிக்கு ஏன் ஒண்ணும் ஆகலன்னு பார்க்கணும் அண்ணி. நாளைக்குப் புதுக் கூண்டு எத்தனை தர முடியும்?"