வேறு கம்பெனி ஃபிளாஷ்

அக்கா மகளுக்குக் கல்யாணம். அக்காவோ காசநோய் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். ஒரு மணி நேரம்கூட வெளியே விடமாட்டேன் என்றுவிட்டார் டாக்டர்.

"தாலி கட்டுறதை மட்டுமாவது போட்டோவுல பாத்துடறேன்டா," என்று அக்கா கேட்டாள். என்னிடம் புதுக் கேமரா இருந்தது. நானே எடுத்து வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

சிராங்கூன் சாலைக் கோயிலில் விடியற்காலை முகூர்த்தம். அந்த மண்டப இருட்டில் ஃபிளாஷ் இல்லாமல் ஒன்றும் விழாது. நண்பனிடம் ஒன்று இரவல் வாங்கினேன். அது என் கேமராவில் உட்காரவே மாட்டேன் என்றது. கேமரா வாங்கிய கடைக்கு ஓடினேன்.

"இந்தக் கேமராவுக்கு அந்தக் கம்பெனி ஃபிளாஷ்தான் பொருந்தும் தம்பி. வேணும்னேதான் அப்படிச் செஞ்சிருக்கான். வேற எதையாவது மாட்டினா வாரண்டியும் கிடையாது லா," என்றார் கடைக்கார பாய். அந்த ஃபிளாஷ் கப்பலில் வர ஒரு மாதம் ஆகுமாம். கல்யாணமோ அடுத்த வாரம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கேமரா என்னுடையது, அதில் எதை மாட்டலாம் என்று எங்கோ உட்கார்ந்திருக்கிற ஒருவன் சட்டம் போடுகிறான்!

பாய்தான் ஒரு வழி சொன்னார். நான் கேமராவின் கண்ணைத் திறந்து பிடிக்க வேண்டும். இன்னொருவர் ஃபிளாஷைக் கையில் வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்த வேண்டும். என் மனைவியைப் பிடித்தேன். வாரம் முழுக்க ஒத்திகை. "இப்ப" என்பேன், அழுத்துவாள்.

கெட்டிமேளம் முழங்கியது. "இப்ப!" என்றேன். வெளிச்சமே இல்லை. திரும்பிப் பார்த்தால், கண்ணெல்லாம் தண்ணீராக, வலது கையால் அட்சதையை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஃபிளாஷ் இடது கையில் சும்மா தொங்குகிறது. மேளச் சத்தம் கேட்டதும் கை தானாகப் போய்விட்டதாம்.

"உன்னை நம்பினேன் பாரு, என் புத்தியைச் சொல்லணும்!" என்று பந்தியில் வைத்தே வைதேன்.

கழுவி வந்த படத்தில் நாலைந்து விளக்குப் பொட்டுகள், மீதியெல்லாம் கறுப்பு. ஞாயிற்றுக்கிழமை அதை அக்காவிடம் நீட்டி, நடந்ததைக் கோபம் ஆறாமலே சொன்னேன். மனைவி கதவோரம் தலைகுனிந்து நின்றாள். அக்கா சிரித்தாள், சிரித்துச் சிரித்து இருமினாள். பிறகு அவளைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் பொண்ணுக்கு நான் போட வேண்டிய அரிசியை நீ போட்டிருக்கே. அழாதே புள்ள."

என் பக்கம் திரும்பினாள். "நீ போட்டியாடா?"

தாய்மாமன் நான். அன்று என் இரண்டு கையும் கேமராவைத்தான் பிடித்திருந்தன.