மூக்கக்காவின் ராஜினாமா

பிஸ்கட் ஃபேக்டரியில் பத்தொன்பது வருஷமாக அடுப்புப் பக்கம் நிற்கிறவளை எல்லோரும் மூக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பிஸ்கட் நிறம் மாறுவதற்கு முன்பே, கருகப்போகிறது என்று வாசனையை வைத்துச் சொல்லிவிடுவாள். வேலை தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போதே வந்து, யாரும் கேட்காமலே பிஸ்கட் நகர்ந்துபோகும் பெல்ட்டைத் துடைத்துவைப்பாள். "உங்கப்பா கட்டின ஃபேக்டரியா அது?" என்று தையற்காரரான அவள் கணவர் சீண்டுவார்.

பிறகு ஒரு மேனேஜர் வந்து சேர்ந்தார். வாயைத் திறந்தால் வசவுதான். ஒருநாள் லேசாக வாசனை வந்ததும் மூக்கக்கா சிவப்புப் பொத்தானை அமுக்கி அடுப்பை அணைத்தாள். அவர் வந்து பார்த்தார். ஒரு பிஸ்கட்கூடக் கருகவில்லை. முப்பது பேர் முன்னால் அவளை நிற்கவைத்து, "நிறுத்த நீ யாரு? சொன்னத செய்யத்தான் உனக்குச் சம்பளம். மூளை இருக்கிற மாதிரி நடிக்காத!" என்று கத்தினார். கருகும் முன்னே நிறுத்தினால் கருகாமல்தானே இருக்கும்? இதுகூட ஏறாத மண்டைக்கு ஒரு தனி அறை, சுழல்நாற்காலி வேறு!

அன்றிலிருந்து அவள் மணியடித்த பிறகுதான் உள்ளே நுழைந்தாள். வாசனை வந்தாலும் வாயைத் திறக்கவில்லை. தட்டுத் தட்டாகக் கருகி வரும், கல்லு மாதிரி நிற்பாள். கருகினதைப் பார்த்தும் மனசு பதறவில்லையே என்று வீட்டில் வந்து அழுவாள். பதினான்கு மாதம் இப்படியே ஓடியது. கடைசியில் கணவரை உட்காரவைத்து, மூன்று தடவை திருத்தி ராஜினாமா எழுதவைத்தாள்.

அதை டிபன் பையில் வைத்துக்கொண்டு போன அன்று பார்த்தால், அந்த மேனேஜரையே மாற்றியிருந்தார்கள். புதிதாக ஒரு பெண் வந்திருந்தார். 'யாரா இருந்தா நமக்கென்ன, மத்தியானம் குடுத்துடலாம்' என்று நின்றவளின் மூக்கில் பதினோரு மணிக்கு அந்த வாசனை ஏறியது. கை தானாகப் போய்ப் பொத்தானை அமுக்கிவிட்டது. அதன் பிறகுதான் பழைய வசவு ஞாபகம் வந்தது.

புது மேனேஜர் ஓடிவந்தார். "யாரு நிறுத்தினது?"

"நான்தாங்க."

அவர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு அடுப்பைப் பார்க்கச் சொன்னார். இடது பக்கத்து கேஸ் வால்வு ஒன்று முழுக்கத் திறந்தபடி சிக்கிக்கிடந்தது.

"நல்லவேளைக்கா, நிறுத்தினீங்க! இனிமே சந்தேகம் வந்தாலே நிறுத்திடுங்க. என்னைக் கேக்க வேண்டாம். வால்வுல ஒண்ணும் இல்லாட்டியும் பரவாயில்ல."

அப்பாடா! நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கியது. மூக்கக்கா தலையில் போட்டிருந்த தொப்பியைக் கழற்றி, அதிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் டிபன் பையைத் திறந்த கணவர் கடிதத்தைப் பார்த்துவிட்டார். "மூணு தடவை எழுத வச்சியே, குடுக்கலையா? சரி, கிழிச்சுப் போட்டுடவா?"

"இருக்கட்டும். ஒருநாள் பேச்சை நம்பிட முடியுமா?" என்று பிடுங்கி அலமாரிக்குள் வைத்தாள். பக்கத்தில் இருந்த கடிகாரத்தை எடுத்து, அலாரத்தை அரை மணி நேரம் முன்னால் திருப்பிவைத்தாள்.