இணைச்சீருக்கு நின்றவர்

1. சித்தப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது.
2. வாழ்த்துமடல் எழுதித் தரச்சொல்லி அப்பா மெட்ராசுக்கு, அத்தையிடம் ஆளனுப்பினார்.
3. அத்தை எழுதித் தந்தார். பதிலுக்கு ஒன்று கேட்டார்.
4. அப்பா சரி என்றார்.

அத்தை, அப்பாவுக்குத் தம்பியாகப் பிறந்தவர். காலேஜுக்குப் போன ஊரில் சேலை உடுத்திப் பெண்ணாகவே வாழத் தொடங்கியிருந்தார். பத்திரிகைகளில் அவர் எழுதிய விமர்சனங்களுக்குப் பெரிய எழுத்தாளர்களே பயந்தார்களாம். எங்கள் பனியன் கம்பெனியில் அவர் பேச்சை எடுக்கக் கூடாது. ஆனால் அவருடைய தமிழ் மட்டும் வேண்டியிருந்தது.

அவர் கேட்டது இணைச்சீர். முகூர்த்தத்துக்கு முன் மாப்பிள்ளையின் அருகில் உடன்பிறந்தவளை நிறுத்தி, கூறைச்சேலையின் ஒரு முனையை அவள் தோளில் போடுவார்கள். சித்தப்பாவுக்கு வேறு அக்கா தங்கை கிடையாது.

கல்யாணத்தன்று அத்தை அரக்குச் சேலையில், தலை நிறையப் பூவோடு பந்தலில் வந்து நின்றார். மடல் அதற்குள் அச்சாகி எல்லார் கையிலும் இருந்தது. அடியில் அத்தையின் பழைய ஆண்பெயர்.

சேலையை எடுத்ததும் பங்காளிப் பெரியவர் ஒருவர் கேட்டார்: “ஏனுங்க, இது மாப்பிள்ளைக்கு அண்ணனல்லோ? அண்ணனுக்கு எங்கீங்க இணைச்சீரு?”

பந்தலே சிரித்தது. சித்தப்பா குனிந்துகொண்டார். அப்பா அத்தையைப் பார்க்காமல், “சேவூர்ப் புள்ளையக் கூப்புடுங்க” என்றார். தூரத்துப் பங்காளி வீட்டுப் பெண் அது. முன்கூட்டியே குளிப்பாட்டி, புதுச்சேலை கட்டித் தயாராக வைத்திருந்தார்கள்.

அத்தை கேட்டார்: “அண்ணா, மடல்ல பிழை ஏதும் இல்லீங்களே?”

“இல்லை.”

“அப்பச் சரிங்க.”

சாப்பிடாமலே கிளம்பினார். சிறுமியாக இருந்த நான் பஸ் நிற்கும் இடம்வரை பின்னால் ஓடினேன். சீருக்கு நின்றவளுக்குப் புதுச்சேலை கிடைத்ததே, அந்த வருத்தம் என்று நினைத்து, “அழுவாதீங்க அத்தே, அப்பாகிட்டச் சொல்லி உங்களுக்கும் ஒரு சேலை வாங்கித் தரேன்” என்றேன்.

“வாங்கிக் குடு கண்ணு. பச்சைல வாங்கு” என்று சிரித்தார். அவர் இழந்தது சேலை என்றே வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அதன்பின் அவர் ஊருக்கு வரவில்லை. மெட்ராசில் எழுதுகிறார், தன்னைப் போன்றவர்களைப் போலீஸ் பிடித்துப் போனால் ஸ்டேஷனுக்குப் போய்ச் சண்டை போட்டு மீட்டு வருகிறார். நான் பாலிடெக்னிக் முடித்துக் கம்பெனியில் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறேன்.

வரும் தையில் என் தம்பிக்குக் கல்யாணம். இணைச்சீருக்கு நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்பா பங்காளி வீடுகளில் சீருக்கு நிற்க ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறார்.