ஒன்பது தையல் போட்ட ஜாடி

என் மேசை இழுப்பறையில் ஒரு தகர டப்பா இருக்கிறது. அதற்குள் பதினான்கு பித்தளைத் துண்டுகள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தின் நீளம்கூட இருக்காது. நம்பாதவர்கள் தாராளமாக வந்து எண்ணிப் பார்க்கலாம். பக்கத்திலேயே ஒரு எக்ஸ்ரே படமும் இருக்கிறது. அதை மட்டும் நீங்களே எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னால் முடியாது.

நடந்தது என் அக்காவுக்கு. அவள் இதைப் பற்றி இப்போது வாயே திறப்பதில்லை, அதனால் நான் சொல்கிறேன். பாதி அவள் சொல்லிக் கேட்டது. மீதி என் இரண்டு காதாலும் நானே கேட்டது. பேய்க் கதை என்றால் நடுராத்திரியும் நாய் ஊளையும் வேண்டும் என்பார்கள். இது பட்டப்பகலில் நடந்தது. காலை பதினொன்று இருபதுக்கு ஆரம்பித்து, மாலை நாலு பன்னிரண்டுக்கு முடிந்தது. முடிந்தது என்று சொல்வதும் தப்புதான்.

அக்கா ஒரு பழம்பொருள் கடையின் பின்னறையில் வேலை பார்த்தாள். உடைந்த பீங்கானை ஒட்டிக் கொடுப்பது அவள் தொழில். கடையில் எல்லாரும் 'டாக்டரம்மா' என்று கூப்பிடுவார்கள். எந்தப் பாத்திரம் கைக்கு வந்தாலும் முதலில் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுப்பாள். முழுசாக இருந்தால் 'டிங்'. உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால்கூட 'டப்'. எங்கள் வீட்டில் புதுத் தட்டு வாங்கினாலும் இதே கூத்துதான். அவள் மகளுக்கு எட்டு வயது. துறுதுறுவென்று ஓடுவதால் சுண்டெலி என்று நான்தான் பெயர் வைத்தேன். அவளையும் அக்கா சில நேரம் நெற்றியில் தட்டி, "டப்புங்குது, உள்ள ஒண்ணுமே இல்ல" என்பாள். குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும்.

அந்த வாரம் ஒரு பழைய வீட்டைக் காலி செய்து சாமான்கள் வந்து இறங்கியிருந்தன. அதில் இந்த ஜாடியும் ஒன்று. முழங்கால் உயரம், வெள்ளையில் நீலக் கொடி. எந்த நாட்டுச் சரக்கு என்று முதலாளியாலேயே சொல்ல முடியவில்லை. மண் சீனத்து மண் போலிருந்தது, பூ வேலை துருக்கி வேலை போலிருந்தது, அடியில் முத்திரை கிடையாது. வாயிலிருந்து அடிவரை ஒரே வரிசையில் ஒன்பது தையல்.

தையல் என்றால் நூல் தையல் இல்லை. நல்ல பசை வராத காலத்தில் உடைந்த பீங்கானை இப்படித்தான் சேர்ப்பார்கள். விரிசலின் இரண்டு பக்கமும் சின்னதாகத் துளை போட்டு, பித்தளைக் கம்பியை வளைத்து மாட்டி இறுக்கிவிடுவார்கள். இப்போது அதையெல்லாம் எடுத்துவிட்டுப் பசை போட்டு ஒட்டுவதுதான் வழக்கம். தையல் இருந்தால் பொருளுக்கு மதிப்புக் குறைவு. அரத்தால் கம்பியை நடுவில் அறுத்து, இரண்டு பாதியையும் இடுக்கியால் உருவ வேண்டும். அறுத்தால் அறுத்ததுதான். திரும்ப மாட்ட முடியாது.

அக்கா ஜாடியைத் தட்டினாள்.

'டிங்'.

நீளமாக, சுத்தமாக ஒலித்து அடங்கியது. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தையல்களுக்கு அடியில் பார்த்தாள். விரிசலே இல்லை. உடையாத ஜாடியில் யாரோ மெனக்கெட்டுப் பதினெட்டுத் துளை போட்டு ஒன்பது தையல் போட்டிருந்தார்கள்.

"முழுசா இருக்கற ஜாடிக்கு எதுக்குங்க தையல்?" என்று கேட்டாள்.

"எவனோ வேலையத்தவன் போட்டிருப்பான். எடுத்துட்டு துளைய அடைச்சிடுங்க டாக்டரம்மா. வெள்ளிக்கிழமை பார்க்க வர்றாங்க" என்றார் முதலாளி.

அன்றைக்குப் பள்ளி விடுமுறை. மச்சான் வெளியூரில் இருந்தார். பஸ் ஓட்டும் எனக்கும் அன்று ஓய்வு நாள், அதனால் சுண்டெலியை என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

அக்காவுக்கு ஒரு பழக்கம். செய்யும் ஒவ்வொரு வேலையையும் நேரத்தோடு நோட்டில் எழுதுவாள். இத்தனை துல்லியமாக நான் சொல்ல முடிவதற்கு அந்த நோட்டுதான் காரணம்.

11:20. முதல் தையல் வந்தது. முதுகுக்குப் பின்னால் 'டிங்' என்றது. திரும்பிப் பார்த்தாள். மேல் தட்டில் இருந்த, சுவரில் பதிக்கும் பாரசீகப் பீங்கான் ஓட்டில் குறுக்கே ஒரு கோடு. காலையில் அது இல்லை. பழைய பீங்கானின் மேல்பூச்சு சூடு, குளிர் மாறினால் தானாக வெடிப்பதுண்டு. வெளியே மழை வேறு. அவள் அதை நோட்டில் எழுதிவிட்டு மேலே வேலையைப் பார்த்தாள்.

11:50. இரண்டாவது. 'டிங்'. கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு ஜப்பானியக் கிண்ணம். விளிம்பிலிருந்து அடிவரை கோடு.

12:25. மூன்றாவது. இந்த முறை சத்தம் மேசை மேலேயே கேட்டது. அவள் தேநீர் குடிக்கும் கோப்பை. போன வருடம் அவள் பிறந்தநாளுக்குச் சுண்டெலி வாங்கிக் கொடுத்தது, நூறு வருடப் பழசு ஒன்றும் இல்லை. தேநீர் சொட்டுச் சொட்டாக நோட்டில் இறங்கியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்று காக்கை, மூன்று பனம்பழம்.

1:10. நான்காவது. அவள் கை கழுவும் பீங்கான் தொட்டி.

அதோடு விட்டிருக்கலாம். அக்காவும் அரத்தைக் கீழே வைத்துவிட்டாள். முதலாளி எட்டிப் பார்த்து, "என்ன டாக்டரம்மா, நாலோட நிக்குது?" என்றார்.

"சரியில்லைங்க இது. தையல எடுக்க எடுக்க ஒண்ணொண்ணா விரிசல் விடுது."

அவர் சிரித்தார். "பாதியில விட்டா அசிங்கமா இருக்கும். முடிச்சிடுங்க. நான் வெளிய போயிட்டு அஞ்சு மணிக்கு வந்துடறேன்."

பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை. எடுத்த வேலையைப் பாதியில் விட்டவள் என்று பெயர் வாங்குவது அக்காவுக்கு ஆகவே ஆகாது. ஒரு மணி நேரம் ஜாடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு அரத்தை எடுத்தாள்.

2:40. ஐந்தாவது. காத்திருந்தாள். சத்தமே இல்லை. அறை முழுக்கத் தேடினாள், புதிதாக ஒரு கோடும் இல்லை. அப்பாடா என்றிருந்தது.

3:05. ஆறாவது. அப்போதும் சத்தம் இல்லை.

நிம்மதியாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். 3:50க்கு ஏழாவது தையலை நடுவில் அறுத்தாள். இடுக்கி பைக்குள் இருந்தது. அதை எடுக்கும்போது போனையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். திரையில் நான் அனுப்பிய இரண்டு செய்திகள்.

2:41. "சமையலறைத் தரையில ஒரு டைல்ஸ் தானா டிங்னு வெடிச்சிருச்சு. சத்தியமா நான் எதையும் போடல."

3:06. "சுண்டெலியோட பால் கப் அவ கையிலயே கீறல் விட்டுருச்சு. காயம் இல்ல. என்னக்கா இது?"

அக்கா நோட்டைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். மறுபடி நோட்டைப் பார்த்தாள்.

முதலில் கடையின் பொருள். பிறகு அவளுடைய பொருள். பிறகு வீடு. பிறகு குழந்தையின் கை.

ஜாடியின் பக்கம் திரும்பினாள்.

ஏழாவது தையலை அறுத்திருந்தாளே தவிர உருவவில்லை. இரண்டு பாதியும் துளையில்தான் இருந்தன. அவள் கண்ணெதிரே இடது பாதி மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது. யாரும் தொடாமல். உள்ளே இருந்து யாரோ விரலால் தள்ளுவது போல...

பாய்ந்து கட்டைவிரலால் அழுத்தினாள். வலது பாதி நகர்ந்தது. இன்னொரு கட்டைவிரலால் அதையும் அழுத்தினாள்.

பசை நான்கு அடி தள்ளி அலமாரியில் இருந்தது. கையை எடுக்க முடியாது. கூப்பிட்டாள். முன்கடையில் ஆள் இல்லை. குனிந்து மூக்கு நுனியால் போனில் என் பெயரைத் தொட்டாள்.

"அவ எங்கடா?"

"இங்கதான் சோபால. படம் வரையறா. என்னக்கா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"அவளத் தூக்கிட்டு வெளிய போ. கப்பு, தட்டு, டைல்ஸ்னு எதுவும் இல்லாத எடமா போ. மண்ணா இருக்கணும். இப்பவே."

"அக்கா..."

"போடா."

அவள் என்னை 'போடா' என்று கத்தியது அதுதான் முதல் முறை. காரணம் கேட்கவில்லை. சுண்டெலியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். தெரு முனையில் ஒரு விளையாட்டு மைதானம். மழை விட்டிருந்தது. நடு மைதானத்தில், ஈர மண்ணில் அவளை இறக்கிவிட்டேன். சுற்றிலும் நூறு அடிக்கு மண்ணும் புல்லும் தவிர ஒன்றுமில்லை.

"வந்துட்டோம்கா. மைதானத்துல இருக்கோம். இங்க உடையறதுக்கு ஒண்ணுமே இல்ல."

அந்தப் பக்கம் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

"முடியலடா... நகருது."

"என்ன நகருது?"

"என் பலம் பத்தல..."

சுண்டெலி ஒரு குச்சியை எடுத்து மண்ணில் பூனை வரைந்தாள்.

4:09.

4:10. போனில் அக்கா அழுதாள். கட்டைவிரல் நகம் பிளந்து ரத்தம் வழிகிறது என்றாள். வழுக்குகிறது என்றாள்.

4:11. பூனைக்கு மீசை வைத்தாள் குழந்தை.

போனில் 'டிக்' என்று ஒரு சத்தம். கம்பி மேசையில் விழுந்தது.

இன்னொரு 'டிக்'.

4:12.

'டிங்'.

போனில் இல்லை. எனக்கு முன்னால். ஒரு அடி தூரத்தில்.

சுண்டெலி குச்சியைக் கீழே போட்டாள். அழவில்லை. தன் இடது கையையே பார்த்தாள்.

"மாமா... எனக்குள்ள ஏதோ சத்தம் கேட்டுச்சு."

அப்புறம்தான் வலி வந்தது அவளுக்கு.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முன்கை எலும்பில் நீளவாக்கில் ஒரு மயிரிழைக் கோடு. டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "எங்க விழுந்தா?"

"விழல டாக்டர். நின்னுட்டிருந்தா."

"எல்லாரும் இப்படித்தான் சொல்வீங்க."



மறுநாள் வெள்ளிக்கிழமை. அக்கா குழந்தையை விட்டு நகரவில்லை. "ஜாடியத் தொடாதீங்க, நான் வந்து திரும்பத் தைச்சிடறேன்" என்று முதலாளிக்குப் போன் செய்தாள். சரி சரி என்றார். சனிக்கிழமை காலை பித்தளைக் கம்பி வாங்கிக்கொண்டு நானும் அவளுமாகக் கடைக்குப் போனோம். ஜாடி இருந்த இடம் காலி. ஏழு தையலின் துளைகளையும் வெள்ளைப் பசையால் தானே அடைத்து, முந்தின நாளே விற்றுவிட்டார். பெட்டி கட்டிக் கப்பலுக்கும் அனுப்பியாகிவிட்டது. மேசையில் அந்தப் பதினான்கு துண்டுகள்தான் கிடந்தன. நான் பொறுக்கிக்கொண்டேன்.

அந்த வீட்டைக் காலி செய்த வண்டிக்காரரைத் தேடிப் பிடித்தோம். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"ஒரு அம்மா மட்டும் தனியா இருந்து செத்துப்போன வீடுங்க அது. விசித்திரமான வீடு. சுவத்து ஓடு, டீ குடிக்கற கப்பு, கை கழுவற தொட்டி, சமையலறைத் தரைன்னு எல்லாத்துலயும் விரிசல், எல்லாத்துலயும் பித்தளைத் தையல். சின்னப் புள்ள பால் குடிக்கற கப்புலகூட. கம்பியும் அரமுமா ஒரு பெட்டி நிறைய வெச்சிருந்தாங்க. அந்த ஜாடியிலயும் அவங்களேதான் போட்டிருக்கணும்."

"பிள்ளைங்க யாரும் இல்லையா?" என்றாள் அக்கா.

"சுவத்துல ஒரு பொண்ணு படம் இருந்துச்சும்மா. வருஷத்துக்கு ஒண்ணா மாட்டியிருந்தாங்க. கடைசிப் படத்துல எட்டு ஒன்பது வயசு இருக்கும். கையில கட்டுப் போட்டிருந்துச்சு. அதுக்கு மேல படமே இல்லைங்க."

சுண்டெலியின் கைக்கட்டை ஆறு வாரத்தில் பிரித்துவிட்டார்கள். ஓடுகிறாள், ஆடுகிறாள். குளியலறைத் தரையில்கூட எங்களால் அவளைத் தனியாக விட முடியவில்லை. தினமும் அவள் தூங்கிய பிறகு அக்கா போய் உட்கார்ந்து விரல் முட்டியால் மெல்ல நெற்றியில் தட்டிக் காது கொடுக்கிறாள். ஒருநாள் கேட்டேன், என்ன கேட்குது என்று. "இன்னும் டிங்னுதான்டா கேக்குது" என்றாள். முன்பெல்லாம் டப் என்றுதான் கேட்கும். டிங் என்று ஒலிப்பது பீங்கான்தான்.

ஜாடியை வாங்கியவர் யார், எந்த ஊர் என்று முதலாளி சொல்ல மாட்டேன் என்கிறார். காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் ஆகவில்லை. போன வாரம் மட்டும் மனசு இரங்கி, நாங்கள் சொன்ன விஷயத்தை அவர்களுக்கு எழுதி, தையலைத் தொட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நேற்று பதில் வந்ததாம். எங்களுக்குப் படித்துக் காட்டினார்.

ஜாடி பத்திரமாக வந்து சேர்ந்தது, நன்றி. கதை சுவாரஸ்யமாக இருந்தது. மிச்சம் இருக்கும் இரண்டு தையலை எங்கள் ஆள் இந்த வாரம் எடுத்துவிடுவார்.

என்றைக்கு என்று எழுதவில்லை.