இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஓர் உதடு

பேராதனையில் விஞ்ஞானம் படித்த காலத்தில், என் பற்களைப் பற்றி எல்லாமே தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கொரு வெறி. பல்சீரமைப்பு ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்தேன். எத்தனை வாய்களைப் பார்த்தாலும் கடைசியில் ஓர் அட்டவணைதான். ஒன்று என்றால் குறையில்லை. ஐந்து என்றால் சிகிச்சை கட்டாயம். எல்லோரும் அந்த ஐந்து கட்டங்களுக்குள் அடங்கிவிடுவார்கள்.

என் மேற்பற்கள் ஐந்து மில்லிமீற்றர் முன்னுக்கு நின்றன. அந்த அளவில் உதடுதான் தீர்ப்புச் சொல்லும். சிரமமில்லாமல் மூடினால் இரண்டு, மூடாவிட்டால் மூன்று. நான் பெயர் கொடுத்திருந்த ஆய்வில், இரண்டு என்றால் வீட்டுக்குப் போகலாம். மூன்று என்றால் பல்லுக்குக் கம்பி போட வாய்ப்பு உண்டு. எனக்குக் கம்பி வேண்டும்.

அளவெடுக்கும் நாளில் பல் வைத்தியக் கதிரையில் மல்லாந்து கிடந்தேன். யாழ்ப்பாணத்து டொக்டர் அளந்து முடித்து, "இனிச் சும்மா இருங்கோ பிள்ளை" என்றார்.

எங்கள் வீட்டில் 'சும்மா இரு' என்றால் வாயை மூடு என்று அர்த்தம். மூடினேன்.

"அப்பிடியில்லை, உதட்டை விடுங்கோ."

விட முடியவில்லை. சின்ன வயதிலிருந்தே பல் தெரியாமல் இழுத்து மூடிப் பழகிய உதடு. திறந்தால், மூன்றுக்காக நடிக்கிறேனோ என்று பயம். மூடினால் இரண்டு. எது என் சொந்த உதடு என்று எனக்கே தெரியவில்லை.

"பாங்க் லொக்கர் மாதிரியெல்லோ பூட்டி வச்சிருக்கிறியள்! 'அம்மா' எண்டு சொல்லிப்போட்டு அப்பிடியே விடுங்கோ பாப்பம்."

"அம்மா" என்றேன். மூலையில் உட்கார்ந்திருந்த என் அம்மா தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நிமிர்ந்தார். என் பல்லைப் பார்த்ததும் தன் உதட்டை இறுக்கிச் சாடை காட்டினார். மூடிவிட்டேன்.

டொக்டர் அம்மாவை வெளியே அனுப்பினார். அப்போதும் உதடு திறக்கவில்லை. இரண்டு என்று எழுதினார்.

"டொக்டர், இது தானா மூடல. நான்தான் மூடுறேன்."

"காணுறதைத்தான் எழுத ஏலும், பிள்ளை."

வீட்டுக்குத் திரும்பும் வத்தேகம பஸ்ஸில் கண் அயர்ந்துவிட்டேன். மடவளை தாண்டி முழிப்பு வந்தபோது, அம்மாவின் விரல் என் தாடையை அடியிலிருந்து மேலே தள்ளிக்கொண்டிருந்தது.

"ஆளுங்க பாக்குறாங்கடி. ஆன்னு தொறந்து வச்சிக்கிட்டுத் தூங்குற."

"எப்ப இருந்தும்மா?"

"கண்டி டவுன்ல இருந்தே."

"அப்ப மூணும்மா!"

பஸ் இரைச்சலில் அம்மாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை.

"அதத்தானே நானும் சொல்றேன். மூடு."